கம்புக் கதிரில் ஒழுகும் தேன்

போடிநாயக்கனூர் என்றதும் ஏலக்காயே எவருக்கும் நினைவுக்கு வரும். ஆயினும் ஏல மலையின் அடிவாரத்திலுள்ள செவ்வல் நிலங்களில் மானாவாரியாகக் கம்பு விதைத்து, அதனைக் கூழாகவும் களியாகவும் உண்டு வரும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஏலச் செடிக்கு நோய் கண்டால் வருமானம் குறையும். கம்புக்கு வரும் ஒரு நோயோ, உண்பவரையே படுக்கையில் கிடத்திவிடும். அதுவே தேன் ஒழுகல் நோய். ஆங்கிலேயர் இதனை எர்காட் என்பர்.

இது ஒரு காளானால் வருவது. கம்புக் கதிரில் சூல்முடிகள் முதலில் வெளிப்படும்; மகரந்தம் சில நாள் கழித்தே உதிரும். இவ்விடைக்காலத்தில் வானம் மூடி, தூறலும் ஈரக்காற்றுமாக இருந்தால் காளானின் வித்துக்கள் சூல்முடியில் படிந்து உள்ளே இறங்கிவிடுகின்றன. மகரந்தம் முந்தினால் மணி பிடிக்கும். காளான் முந்தினால் மணி இல்லை. புரட்டாசியில் விதைத்த பயிர் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூக்க நேர்வதால் நமது பகுதியில் அப்பட்டத்திற்கே அபாயம் மிகுதி. ஏறக்குறைய ஐந்து நாட்களில் கதிரிலிருந்து இளஞ்சிவப்பான பிசின் போன்ற நீர் கசியும். பெயர்தான் தேன்! ஈயும் எறும்பும் அதனை மொய்த்து, நோயை அடுத்த கதிருக்குக் கொண்டு செல்கின்றன. இரண்டு மூன்று வாரங்களில் மணி இருக்க வேண்டிய இடத்தில் கருமையான, கெட்டியான, கூர்முனையுள்ள கட்டிகள் உமியைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். நஞ்சு இருப்பது இக்கட்டிகளில்தான்.

1958-ஆம் ஆண்டையொட்டி அன்றைய பம்பாய் இராஜ்யத்திலும், 1975-இல் இராஜஸ்தானத்திலும் இக்கட்டிகள் கலந்த கம்பை உண்டவர்கள் நோயுற்றனர். உணவு கொண்ட ஓரிரு மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, தலைசுற்றல், எழ முடியாத தூக்க மயக்கம் ஆகியவை கண்டன. ஐரோப்பாவில் ரை என்னும் தானியத்தில் வரும் இதன் இனக் காளான் இன்னும் கொடியது. இடைக்காலத்தில் அதனால் கைகால் கருகி மாண்டவர் பலர். அதே ரைக் காளானிலிருந்துதான் பிரசவத்திற்குப் பின் உதிரப்போக்கை நிறுத்தும் மருந்தும் எடுக்கப்படுகிறது. அதற்கென்றே சென்ற நூற்றாண்டில் நம் நீலகிரியில் ரை பயிரிட்டு, வேண்டுமென்றே காளானை ஏற்றி வளர்த்தார்கள். கம்பில் காண்பது அந்த மருந்தன்று. கட்டி கலந்த கம்பைச் சினைப் பன்றிகளுக்கு இட்டபோது ஈன்ற பின் பால் சுரக்கவில்லை என்று ஆப்பிரிக்காவில் கண்டிருக்கிறார்கள். ஆகவே, 'நமக்கு உதவாவிட்டால் மாட்டுக்கு ஆகட்டும்' என்று எண்ணுவது தவறு.

மாவாக அரைத்துவிட்டால் கட்டியை எவராலும் கண்டுகொள்ள முடியாது. காய்ச்சினால் நஞ்சு போய்விடும் என்று நம்பலாகாது. எனவே தானியமாக இருக்கும்போதே பிரித்தெடுக்க வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ சாப்பாட்டு உப்பைக் கரைத்து, விதைக் கம்பை அதில் கொட்டிக் கிளறினால் கட்டிகளும் பதர்களும் மிதக்கும். அவற்றை வழித்தெடுத்து, அடியில் தங்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி நிழலில் உலர்த்துக. ஏக்கருக்கு இரண்டு கிலோ விதையே போதுமாதலால் செலவு உப்பின் விலைதான். சமையலுக்கு வைத்த கம்பில் ஐயம் எழுந்தாலும் இம்முறையையே கையாளலாம். ஆனால் மருந்து கலந்து வாங்கிய விதை எவ்வளவு கழுவினாலும் உணவுக்கு ஆகாது.

வயலில் தேன் கண்ட கதிர்களை அப்போதே அறுத்து எரித்துவிட வேண்டும். வரப்பில் வளரும் கொழுக்கட்டைப் புல்லிலும் இக்காளான் தங்குகிறது. பூக்குமுன் அதனையும் அறுத்துவிடுக. மருந்து தெளிப்பதானால் பூக்கத் தொடங்கும்போது ஒரு முறையும் பாதி பூத்தபின் ஒரு முறையும் தெளிக்க வேண்டும். அளவை வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிக. தேன் வடிந்த பின் தெளிப்பது பணத்தை மண்ணில் கொட்டுவதாகும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு விஷயம். பொதுக் களத்தில் ஒருவர் அடித்த கம்பின் கட்டிகள் அடுத்தவர் தானியத்தில் கலந்துவிடுகின்றன. உணவுத் தானியத்தில் நூறு கிலோவுக்கு 50 கிராமுக்கு மேல் இக்கட்டி இருத்தல் கூடாது என்பது சட்டம். அதாவது இரண்டு கைப்பிடி கலந்தாலே ஒரு மூட்டை தள்ளுபடியாகலாம். ஆதலால் நோய் கண்ட கதிரைக் களத்தில் ஏற்றாதிருக்கவும், ஒவ்வொருவர் அடிப்பு முடிந்ததும் களத்தைக் கூட்டி அக்குப்பையை எருக்குழியில் இடாமல் எரித்துவிடவும் அறுவடைக்கு முன்பே தீர்மானம் செய்துகொள்வது நலம். நிலத்தில் உதிர்ந்த கட்டிகள் கோடை உழவில் ஆழப் புதைந்துவிடும். அடுத்த பட்டத்தில் அங்கே கம்பை விட்டுத் தட்டையோ பாசியோ விதைக்கலாம்.