வாக்கு போதாவிட்டால் வேலை நிற்கும்

ஒரே பெரிய சர்வரை வாங்கி எல்லா வேலையையும் அதன் தலையில் கட்டினால், அது படுக்கும் நாளில் அலுவலகமே படுத்துவிடும். இரண்டு வாங்கினால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. இரண்டுக்கும் நடுவே கேபிள் அறுந்தால், ‘அடுத்தது போய்விட்டது, இனி நான்தான்’ என்று இரண்டுமே முடிவு கட்டும். இரண்டும் பகிரும் ஒரே டிஸ்கில் தத்தம் போக்கில் எழுதத் தொடங்கும். நின்றுபோன மெஷினைத் திரும்ப ஓடவைக்கலாம். குழம்பிப்போன கணக்கை மீட்பது பெரும்பாடு.

இதற்கு அழகான விடை கண்டது அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம். 1983இல் அது அறிவித்த வாக்ஸ்கிளஸ்டரில், அந்த நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகள் பல, டிஸ்குகளைப் பகிர்ந்துகொண்டு ஒரே குழுவாக ஓடின. விநாடிக்கு 7 கோடி பிட் கடத்தும் கேபிள்கள், ஸ்டார் கப்ளர் என்ற பெட்டியில் வந்து கூடின. எல்லாம் கூடுகிற அந்த இடமே பழுதாகிவிடக் கூடாதே! அதனால் அதை மின்சாரமே தேவைப்படாத பெட்டியாகச் செய்தார்கள். பாதையும் இரட்டையாக வைத்தார்கள்.

தொடர்பு அறுந்தால் இரண்டு பக்கமும் தனித்தனியே எழுதாமல் தடுக்க, கணினிகளுக்கு வாக்கும் உண்டு. மூன்று கணினி, ஆளுக்கு ஒரு வாக்கு என்றால், இரண்டு வாக்கு சேர்ந்த பக்கம்தான் ஓடலாம். தனித்துப்போனது நல்ல நிலையில் இருந்தாலும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். சேவை நிற்கக் கூடாது என்பதற்காகவே கட்டிய அமைப்பு, தரவு கெடும் என்றால் தானே நின்றுவிடுகிறது. கிளஸ்டரிங்கில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கட்டுப்பாட்டைத்தான். இரண்டே கணினி உள்ள இடத்தில், மூன்றாவது வாக்கை ஒரு டிஸ்குக்குக் கொடுத்தார்கள். இன்றைய லினக்ஸ் கிளஸ்டர்களிலும் பெரும்பான்மை விதி இருக்கிறது. பதில் தராத சர்வரின் பவரையே துண்டித்துவிடும் ஏற்பாடும் உண்டு.

வாக்ஸ்கிளஸ்டரில் நிர்வாகமும் சுலபமானது. எல்லாக் கணினிகளையும் ஒரே சிஸ்டம் டிஸ்கிலிருந்து பூட் செய்யலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஒருமுறை கணக்கு தொடங்கினால் போதும், எந்தக் கணினியிலும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு. பழுது பார்க்க நள்ளிரவுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு கணினியில் இருப்பவர்களை இன்னொன்றுக்கு மாற்றி, அதை நிறுத்தி, வேலையை முடித்துக் குழுவில் திரும்பச் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம், பட்டப்பகலிலேயே.

ஆனால் கிளஸ்டர் இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடக் கூடாது. பகிர்ந்த டிஸ்கில் யாரோ தவறுதலாக அழித்த ஃபைல், எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நொடியில் இல்லாமல் போகும். அதைத் திருப்பித் தர எந்த வாக்கெடுப்பாலும் முடியாது. தனியே எடுத்துவைத்த நகல்தான் தரும்.