வார்த்தைகளும் வீட்டுக்கு வரட்டும்!

என் மகளுக்கு வயது ஒன்பது. மூளை முடக்குவாதத்தால் பேச்சு தெளிவாக வராது. சிறப்புப் பள்ளியில், சுவரில் டீச்சர் ஒட்டியிருக்கும் படங்களைக் காட்டி, 'தண்ணி', 'பசி' என்று கேட்டு விடுவாள். வீட்டுக்கு வந்தால் அழுகைதான்! வார்த்தைகள் எல்லாம் பள்ளிச் சுவரிலேயே நின்று விடுகின்றனவே... அதனால், டீச்சரிடம் கலந்து பேசி, கையோடு எடுத்துப் போகும் வார்த்தைப் பலகை செய்தேன். இப்போது அவள் வகுப்புக்கும் சில தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

நம்ம திருப்பூரில் கட்டிங் துணிக்கா பஞ்சம்? ஆனால், பனியன் துணி இழுபடும். படத்தின் கனத்துக்குத் தொங்கி விடும். எனவே, நூல் கோன் வரும் அட்டைப் பெட்டியில், ஒன்றரை அடிக்கு ஓர் அடி அளவில் இரண்டு துண்டு வெட்டி ஒட்டிக் கொள்ளுங்கள். துணியில் வெல்க்ரோவைத் தைத்த பிறகு, உறை போலத் தைத்து அட்டையை நுழையுங்கள். ஒரு பக்கம் தைக்காமல் விட்டால், அட்டையை உருவி விட்டுத் துவைக்கலாம். மேலே பழைய பையின் காதைத் தைத்தால், தூக்கிச் செல்ல வசதி. பூப்போட்ட துணி வேண்டாம். கருநீலம் போல ஒரே நிறம் என்றால் படம் எடுப்பாகத் தெரியும்.

பலகையில் வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கம், படத்தின் பின்னால் சொரசொரப்பான பக்கம். எல்லாவற்றிலும் இதே மாதிரி வைத்தால், வகுப்புப் படம் வீட்டுப் பலகையிலும் ஒட்டும். என் மகளுக்குக் கை நேராகப் போகாது. அதனால், படங்களுக்கு நடுவே நாலு விரல் இடைவெளி. லேமினேட் செய்த படத்தின் மூலைகளை வட்டமாக வெட்டினால், குத்தாது.

யானை, ஆப்பிள் என்று தொடங்காதீர்கள். 'வேண்டாம்', 'போதும்', 'வலிக்குது', 'இன்னும் வேணும்' என, பிள்ளை சொல்லத் தவிக்கும் வார்த்தைகளே முதலில் வேண்டும். ஆரம்பத்தில் ஆறு படம் போதும். இடத்தை மாற்றக் கூடாது. நாமும் படத்தைத் தொட்டுத் தொட்டே பேச வேண்டும். ஒடிசா, பீகாரிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, படத்தின் அடியில் அவர்கள் மொழியிலும் எழுதினோம். அந்த அம்மாக்களுக்கும் புரிய வேண்டுமே!

போன மாதம் ஓர் இரவு, 'வலிக்குது' படத்தைத் தொட்டு விட்டு, காதைக் காட்டினாள் என் மகள். முன்பெல்லாம் விடிய விடிய அழுவாள்; எங்கே வலி என்று யாருக்கும் தெரியாது. இந்த முறை, காலையிலேயே காது டாக்டரிடம் போய் விட்டோம்.

'படத்தையே காட்டிப் பழகிட்டா, பேச்சே வராமப் போயிருமே அம்மிணி' என்று மாமியார் பயந்தார். அப்படியில்லை, படங்கள் பேச்சைத் தடுப்பதில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. சென்னையில் 1985ல் துவங்கிய வித்யாசாகர் மையமும், பேச முடியாத பிள்ளைகளுக்கு இதுபோன்ற பலகைகளைப் பயன்படுத்துகிறது. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், படமும் சைகையும் கூட கருத்தைச் சொல்லும் வழிகள்தான் என்று ஏற்றிருக்கிறது.

பனியன் கம்பெனிக்குப் போகும் சகோதரிகளே... கம்பெனியில் கேட்டு வாங்கிய கட்டிங் துணியில், ஒரு பலகை தைத்து, பக்கத்துச் சிறப்புப் பள்ளிக்குக் கொடுங்களேன். சக்கர நாற்காலியின் தட்டில் வைப்பதற்கு அளவு மாறும். டீச்சரிடம் கேட்டுத் தைப்பது நல்லது.

- ஒரு தாய், திருப்பூர்.