இரும்புச்சத்துக் குளிசையும் எச்.ஐ.வி. மருந்தும்

புசல்லாவை, தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் கர்ப்பிணித் தாய்மாருக்கு இரத்தச்சோகை புதிதல்ல. கிளினிக்கில் இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகள் கொடுப்பார்கள். அங்கே எடுக்கும் இரத்தத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் நடக்கிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்தத் தொற்று பரவுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் இலங்கையை அங்கீகரித்ததற்கு இந்தப் பரிசோதனை முக்கிய காரணம். ஆனால் தொற்றுள்ள தாய், இரும்புக் குளிசையையும் டொலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தையும் வெறும் வயிற்றில் ஒன்றாக விழுங்கக்கூடாது. ஏனென்று விளங்க, அந்த மருந்து எப்படி வடிவமைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

வைரஸ் தப்பும் வழி

எச்.ஐ.வி. தன்னைப் பிரதி எடுக்கையில் பிழை விடும். அதைத் திருத்தும் வசதி அதற்கில்லை. சிகிச்சை பெறாதவர் உடலில் நாளொன்றுக்கு நூறு கோடிக்கு மேல் புது வைரஸ்கள் உருவாகின்றன. அவற்றில் ஒன்று மருந்துக்குப் பிடிபடாத வடிவில் அமைந்தாலும் போதும், அதுவே பெருகிவிடும். 1987இல் வந்த ஏ.இசட்.டி. என்ற மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது இதுதான் நடந்தது. பிறகுதான் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது.

மாற முடியாத இடம்

இந்தியாவில் பிறந்த வேதியியலாளர் அருண் கோஷ் வேறு விதமாக யோசித்தார். வைரஸ் புரதத்தின் பக்கக் கிளைகள் மாறினாலும் அதன் நடுச்சங்கிலி அவ்வளவாக அசையாது. அந்தச் சங்கிலியையே பற்றும்படி உருவான டாருனாவிர் 2006இல் அனுமதி பெற்றது.

இன்று உலகெங்கும் முதல் தெரிவாக இருக்கும் டொலுடெக்ராவிரின் குறி வேறு. வைரஸின் மரபணுவை நம் கலத்துக்குள் செருகும் நொதியின் மையத்தில் மக்னீசிய அயன்கள் உள்ளன. அவை இல்லாமல் நொதி இயங்காது. இம்மருந்து அவற்றைக் கவ்விக்கொள்கிறது. முந்திய மருந்தான ரால்டெக்ராவிரும் கவ்வும், ஆனால் சீக்கிரம் விட்டுவிடும். இதன் பிடி ஆய்வுகூடத்தில் பல மடங்கு நேரம் நீடித்தது.

உலோகம் கண்டால் ஒட்டும் இந்தக் குணமே வயிற்றில் வினையாகிறது. இரும்பு, கல்சியம், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த சிரப், எதுவானாலும் மருந்து அதனோடு ஒட்டி, இரத்தத்தில் போதியளவு சேராமல் வெளியேறிவிடும். ஆகவே மருந்தை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்னதாகவோ 6 மணி நேரம் பின்னரோ எடுக்க வேண்டும். இரும்பு, கல்சியத்தை மட்டும் சாப்பாட்டோடு சேர்த்து எடுக்கலாம்; சிரப்புக்கு அந்தச் சலுகை இல்லை. இரத்தத்தில் மருந்து குறைவாக இருக்கும் நாட்கள்தான் வைரஸுக்குப் பயிற்சி நாட்கள்.

புதிய எச்சரிக்கை

டொலுடெக்ராவிருக்கும் எதிர்ப்பு முளைத்துவிட்டது. அம்மருந்தை எடுத்தும் வைரஸ் அடங்காதவர்களிடையே 3.9 முதல் 8.6 வீதம் வரை எதிர்ப்பு காணப்பட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2024இல் அறிவித்தது. இதற்கிடையே, வைரஸின் உட்புறப் புரத உறையைத் தாக்கும் லெனகாபாவிர் என்ற மருந்து 2022இல் வந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை ஊசி. இலக்கு புதியது என்பதால் பழைய எதிர்ப்புகள் அதைத் தடுப்பதில்லை. ஆனாலும் அதற்கும் வைரஸ் வழி தேடும்.

கண்டி எஸ்.டி.டி. (பாலியல் நோய்) கிளினிக்கில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம், விபரம் வெளியே போகாது. அங்கே போகிறவர்கள் தாம் எடுக்கும் எல்லா மருந்தையும் சொல்லுங்கள், பார்மசியில் சீட்டில்லாமல் வாங்கிய நெஞ்செரிச்சல் சிரப் உட்பட.