படம் என்னும் அமானிதம்

ஒளியால் உருவெழுதும் கலையின் வேர் மிகப் பழமையானது. பஸ்ராவில் கி.பி. 965ஆம் ஆண்டளவில் பிறந்த இப்னுல் ஹைதம், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் பெருநூலை இயற்றியவர். சூரிய கிரகணத்தின்போது சிறு துளை வழியே இருட்டறைக்குள் புகும் ஒளி, எதிர்ச்சுவரில் பிறை வடிவாய் விழுவதையும் அவர் ஆராய்ந்தார். எனினும், அவ்வாறு விழும் உருவை நிலைநிறுத்தும் வழி 19ஆம் நூற்றாண்டில்தான் கைவந்தது. பிரான்சு நாட்டு டாகேரின் முறை 1839இல் உலகறிய வெளியிடப்பட்டது.

அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாகப் படம் அரும்பொருளாகவே விளங்கிற்று. 36 படங்களுக்குரிய பிலிம் சுருளை எண்ணி எண்ணியே செலவிட்டனர். ஹஜ்ஜுப் பயணத்திற்கான கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தைத் தவிர வேறு படமே இல்லாத பெரியோர் நம் ஊர்களில் இருந்தனர். அந்த ஒரு படமே பேரப்பிள்ளைகளுக்குச் செல்வமாயிற்று.

1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். பத்தாயிரம் புள்ளிகளால் ஆன ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 வினாடிகள் பிடித்தன. இன்று கைப்பேசி, பல கோடிப் புள்ளிகள் கொண்ட படத்தை இமைப்பொழுதில் பதிக்கிறது. பிலிமால் வளர்ந்த கோடாக் நிறுவனமோ 2012இல் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றத்தை நாடிற்று.

இம்மாற்றம் வேகத்தோடு நின்றுவிடவில்லை. படத்தின் இயல்பையே மாற்றிவிட்டது. பிலிமில் நெகட்டிவ் ஒன்றே மூலம். அது யாரிடம் உள்ளதோ, அவரிடமே படத்தின் கட்டுப்பாடும் இருந்தது. டிஜிட்டல் படமோ எண்களின் தொகுப்பு. எண்களைப் பிசகாமல் படியெடுத்தால் படியும் மூலமும் ஒன்றே. ஆகவே, அனுப்பிய ஒருவர் தம் கைப்பேசியில் அழித்தாலும், பெற்றவர்கள் சேமித்துக்கொண்ட படிகள் அழிவதில்லை.

முன்பு நினைவுக்காக எடுத்தோம். இன்று தெரிவிப்பதற்காக எடுக்கிறோம். உண்ட உணவும் சென்ற இடமும் படமாகி, சொல்லின் வேலையைச் செய்கின்றன. கடல் கடந்து உழைக்கும் தந்தை, தம் குழந்தை முதலடி வைப்பதை அன்றே காண முடிவது இதன் பெரும்பேறு. ஆனால், 2010இல் தோன்றிய இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அதே படத்திற்கு விருப்பக்குறிகள் எண்ணப்படுகின்றன. அங்கே நம் மகிழ்ச்சிக்குப் பிறர் விலை குறிக்கத் தொடங்குகின்றனர்.

இதனினும் கவலைக்குரியது பிறர் படம். மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் முதியவரும், உதவிப்பொருள் பெறக் கை நீட்டும் ஏழையும், மறுக்கத் தெரியாத குழந்தையும் இசைவு கேட்கப்படாமலே ஊரார் பார்வைக்கு வைக்கப்படுகின்றனர். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கக் கற்ற சமுதாயம், கொடுப்பதைப் படமெடுத்துப் பரப்புவது முறையாகுமா?

ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். நம் கைப்பேசிக்குள் இருக்கும் பிறர் முகமும் அத்தகையதே. எடுக்குமுன் கேட்பதும், அனுப்புமுன் எண்ணுவதும் அதைக் காக்கும் வழிகள். கருவி எளிதாகிவிட்டது, அதனாலேயே பொறுப்பு கூடிவிட்டது.