கரகர சத்தம் போயே போச்சு!

எங்கள் வீட்டு பழைய டூ-இன்-ஒன்னில் வால்யூம் குமிழைத் திருகினாலே கரகர சத்தம். "தூக்கிப் போடுங்கம்மா" என்றார் மெக்கானிக். மறைந்த என் அம்மா 1994-ல் பாடிப் பதிந்த தாலாட்டு கேசட் இருக்கிறதே, மனசு வருமா?

பக்கத்து வீட்டு அண்ணா, "குமிழுக்குள்ளே இருக்கிற கார்பன் பட்டையில் அழுக்கும்மா, அவ்வளவுதான்" என்றார். பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, மூடியைக் கழற்றினார். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய கான்டாக்ட் கிளீனரை வால்யூம் கன்ட்ரோலின் இடுக்கில் லேசாக அடித்து, குமிழை 20, 30 தடவை இப்படியும் அப்படியும் திருகினோம். நன்றாகக் காய்ந்த பிறகே கரண்ட் கொடுத்தோம். கரகரப்பு போயே போச்சு! என் மகள் முதல் முறையாகப் பாட்டி குரலைக் கேட்டாள்.

தோழிகளே, தேங்காய் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள். தூசி ஒட்டி இன்னும் கெட்டுப்போகும்!

- ஒரு வாசகி, மயிலாடுதுறை.