அரசின் எல்லையும் மக்களின் தொண்டும்

மக்களுக்கு நன்மை தருவது யாதாயினும் அதனை அரசாங்கமே செய்தல் வேண்டும் என்பது பலர் கொண்டுள்ள கருத்து. இதனை மறுத்தோருள் ஆங்கில அறிஞர் ஜோன் ஸ்டூவர்ட் மில் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். சுதந்திரத்தைப் பற்றி 1859ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலின் இறுதி அதிகாரம் மூன்று காரணங்களை எடுத்துரைக்கின்றது. சில கருமங்களை அரசினும் பார்க்க அவற்றோடு தொடர்புடையோரே செவ்வனே செய்வர் என்பது முதலாவது. அவ்வளவு செவ்வனே செய்யாவிடினும், தாமே செய்வதால் அவர்தம் அறிவும் ஆற்றலும் வளரும் என்பது இரண்டாவது. தேவையின்றி அரசின் அதிகாரத்தைப் பெருக்குதல் தீங்கு என்பது மூன்றாவது.

இக்கொள்கை நடைமுறைக்கு ஒத்ததோ என வினவுவார்க்குப் பிரித்தானியாவின் கடற்கரைகள் விடை கூறும். மான் தீவில் வாழ்ந்த சேர் வில்லியம் ஹிலாரி என்பார், புயலிற் சிக்கிய கப்பல்களில் மாலுமிகள் மாள்வதைக் கண்டு, 1823இல் நாட்டவர்க்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். அதன் பயனாக 1824ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இலண்டனில் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அதுவே பின்னர் றோயல் தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் எனப் பெயர் பெற்றது. 1854 முதல் அரசின் பண உதவியைப் பெற்றுவந்த அந்நிறுவனம், 1869இல் அதனைக் கைவிட்டு, மக்களின் நன்கொடையையே நம்பி நின்றது. இன்று பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 200க்கு மேற்பட்ட நிலையங்களை அது நடத்துகின்றது. படகேறுவோரிற் பெரும்பாலோர் வேறு தொழில் செய்து வாழும் தொண்டர்களே.

இத்தொண்டின் விலை சிறிதன்று. 1981ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் இரவு, கோர்ன்வால் கரையருகே இயந்திரம் பழுதுற்ற ஒரு கப்பலை நாடி, மவுசல் என்னும் சிற்றூரைச் சேர்ந்த எண்மர் கொடும்புயலிற் படகு செலுத்தினர். அவருள் ஒருவரேனும் மீளவில்லை. கப்பலில் இருந்தோரும் மாண்டனர். ஒரு நாள் கழியுமுன் அவ்வூரவர் வேறு பலர் அவர்களுடைய இடத்தை நிரப்ப முன்வந்தனர். போகுமாறு அவர்களை எந்தச் சட்டமும் பணிக்கவில்லை.

ஆயினும், கடலில் நேர்ந்த இடர்கள் யாவற்றையும் தொண்டு ஒன்றே தீர்த்துவிடவில்லை. அளவுக்கு மிஞ்சிய பாரத்தை ஏற்றி மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பிய கப்பற் சொந்தக்காரரும் அந்நாட்டில் இருந்தனர். அவர்களை எதிர்த்துப் பாராளுமன்றத்தில் வாதாடியவர் சாமுவேல் பிளிம்சோல். 1876ஆம் ஆண்டுச் சட்டம் கப்பல்களிற் பாரக்கோடு பொறிக்கப்படுதல் வேண்டுமென விதித்தது. அக்கோடு அமையவேண்டிய இடத்தை 1890ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. இதுவும் மில்லின் கொள்கைக்கு முரணானதன்று. ஒருவர் பிறர்க்குத் தீங்கு விளைப்பதைத் தடுக்குமிடத்து அரசு வற்புறுத்தலாம் என்பதே அவர் கண்ட எல்லை.

ஆகவே, அரசாங்கத்திடம் ஒன்றை வேண்டுமுன் நாம் ஆராய வேண்டுவது இதுவே: நாம் நாடுவது தீங்கைத் தடுத்தலா, அன்றி நன்மையை ஆக்குதலா? பாரம் மிகுந்த கப்பலைத் துறைமுகத்திலே தடுத்து நிறுத்துதல் சட்டத்தால் ஆகும். முன்பின் அறியாதார் உயிரைக் காக்க நள்ளிரவிற் படகேறும் நெஞ்சினைச் சட்டத்தால் ஆக்குதல் இயலாது. அது தானாக முன்வந்து செய்யும் பழக்கத்தால் வளர்வது; எல்லாப் பொறுப்பையும் அரசிடம் ஒப்படைத்த சமுதாயத்திலே அப்பழக்கம் வேரூன்ற இடமிராது.