லாருட் அருவித் தவளை

மழை ஓய்ந்த இரவுகளில் கால்வாயிலும் குட்டையிலும் கத்தும் தவளைகளைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த நாம் நன்கு அறிவோம். ஆனால், நமது பேராக் மாநிலத்தின் ஓர் இடப்பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய சிறு தவளை ஒன்று உண்டு. அதைப் பற்றிச் சில செய்திகளை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அதன் பெயர் அமோலோப்ஸ் லாருட்டென்சிஸ். தைப்பிங் நகரையொட்டிய லாருட் மலையின் பெயரைச் சூட்டி, 1899ஆம் ஆண்டில் இதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலாஞ்சே என்னும் விலங்கியலாளர். தீபகற்ப மலேசியாவிலும் தென் தாய்லாந்திலும் இது வாழ்கிறது. தமிழில் 'லாருட் அருவித் தவளை' என்று இதை அழைக்கலாம் என்பது என் கருத்து.

ஆண் தவளை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளமே இருக்கும்; பெண் சற்றுப் பெரியது. பச்சையும் பழுப்பும் கலந்த உடலில் கரிய திட்டுகள் காணப்படும். பாசி படிந்த பாறையில் அமர்ந்திருந்தால் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. விரல் நுனிகளிலுள்ள அகன்ற தட்டுகள் ஈரப்பாறையைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. பகலில் ஒதுங்கியிருந்து, இரவில் பாறைகளுக்கு வந்து பூச்சிகளைப் பிடித்து உண்ணும்.

இதைவிட வியப்புக்குரியது இதன் தலைப்பிரட்டை. சாதாரணத் தலைப்பிரட்டை இந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டுவிடும். இதற்கோ வாய்க்குப் பின்னால், வயிற்றுப்புறத்தில், கிண்ணம் போன்ற ஓர் உறுப்பு அமைந்துள்ளது. அதைக் கல்லின்மேல் அழுத்தி உறிஞ்சி ஒட்டிக்கொண்டு, வாயிலுள்ள நுண்பல் வரிசைகளால் பாசியைச் சுரண்டித் தின்கிறது.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டியது உள்ளது. மலையில் மரங்களை வெட்டினால் மண் கரைந்து ஓடையில் இறங்கும். சேறு கற்களை மூடும். அப்போது தலைப்பிரட்டைக்கு ஒட்ட இடமுமில்லை, உண்ணப் பாசியுமில்லை.

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுக்குப் பின்னர், தாழ்நிலக் காடுகள் பல பால்மரக் காடுகளாயின. அவற்றில் நம் முன்னோரின் வியர்வை கலந்தது. ஈப்போவைச் சுற்றியிருந்த தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால், நாம் குடிக்கும் நீர் இன்னும் அந்த மலைகளிலிருந்துதான் வருகிறது. இத்தவளைக்குத் தேவையான தெளிந்த ஓடைதான் நமக்கும் தேவை.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை நீர்வீழ்ச்சிக்குச் சென்றால், குளித்துவிட்டு மட்டும் திரும்பாதீர்கள். நீருக்கடியிலுள்ள கற்களைப் புரட்டாமல் உற்றுப் பாருங்கள். அங்கே சிறு கரும்புள்ளி போல் ஓர் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தால், மேலேயுள்ள காடு இன்னும் நலமாக இருக்கிறது என்று மகிழுங்கள்.